தமிழைக் கையாளும் நிரலுக்குப் பொது லைப்ரரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயலிகளில் தமிழ்ப் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை, பட்டியல் அகரவரிசையில் வருவதில்லை என்ற குறை ஓயாமல் கேட்கிறது. ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010-இல். குறியாக்கச் சிக்கல் அப்போதே தீர்ந்தது; கையாளும் சிக்கல் இன்னும் தீரவில்லை. காரணம், தமிழ் எழுத்தைப் பிரிக்கவும் ஒப்பிடவும் அடுக்கவும் வேண்டிய நிரலை ஒவ்வொரு செயலிக்கும் புதிதாக எழுதுகிறார்கள். இல்லையென்றால் பழைய செயலியிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். ஒன்றில் பிழையைத் திருத்தினால் மற்ற பத்தில் அது அப்படியே கிடக்கிறது. இதற்குத் தீர்வு ஒரு பொது லைப்ரரி, அதாவது ஒருமுறை எழுதி எல்லாச் செயலிகளும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு.

'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகள் ஐந்து என்கின்றன: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கோ என்ற நிரல்மொழியில் நீளம் கேட்டால் கணினிச் சேமிப்பின் அலகான பைட் கணக்கில் 15 வரும். பெயர்ப் பெட்டியில் இடம் போதாமல் நான்காவது குறியோடு வெட்டினால் புள்ளி விழுந்து 'தமிழ' என்று நிற்கும். பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் லைப்ரரி இதைச் சரியாக மூன்றாகப் பிரித்துத் தருகிறது, அதுவும் இலவசமாக. அப்படியிருக்க, மீண்டும் எழுதுவானேன்?

தேடலில் வரும் கோளாறு கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கோ அவை வெவ்வேறு. யூனிகோடே வகுத்த என்எஃப்சி (NFC) என்ற சீராக்க விதி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் 'சௌந்தர்யா'வை ஒற்றைக்கொம்பும் ள-கரமுமாகத் தட்டி 'செளந்தர்யா' என்று பதிந்திருந்தால் என்எஃப்சி தொடாது, ஏனென்றால் அங்கே இருப்பது உண்மையான ள. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் 'தெளிவு' போன்ற நல்ல சொற்களில் உள்ள ள-வும் மாறிக் கெடும். இத்தகைய நுணுக்கமான விதியை ஆளுக்கொருவராகத் தனித்தனியே எழுதிச் சரியாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வரிசைக்கு வருவோம். யூனிகோடு எண்களை அப்படியே ஒப்பிட்டு அடுக்கினால் பனை, பறவை, பலா, பளிங்கு, பழம், பவளம் என்று வரும். அகராதியில் பலா, பவளம், பழம், பளிங்கு, பறவை, பனை. கிட்டத்தட்டத் தலைகீழ்!

ஆக, லைப்ரரியில் நான்கு வேலைகள் போதும்: சீராக்குதல், எழுத்தாகப் பிரித்தல், தேடலுக்கு ஒப்பிடுதல், அகரவரிசையில் அடுக்க உதவும் ஒப்பீட்டு மதிப்பை (திறவுகோலை) ஆக்குதல். திரை, தரவுத்தளம், உள்நுழைவு எதுவும் அதற்குள் வரக்கூடாது. 'பொது' என்று ஒரு ஃபோல்டர் திறந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டால், தேதியை மாற்ற வந்தவர் தமிழ் வரிசையைக் கெடுத்துவிட்டுப் போவார். எதையும் முதல் தடவையிலேயே பொதுவாக்கவும் தேவையில்லை. மூன்றாவது செயலிக்கும் அதே நிரல் வேண்டியிருக்கும்போதுதான் எது பொது, எது அந்தச் செயலிக்கே உரியது என்பது தெளிவாகும்.

பதிப்பு எண்ணில் கண்டிப்பு வேண்டும். 2.4.1 என்றால் கடைசி எண் பிழைத்திருத்தம், நடு எண் புது வசதி, முதல் எண் பழையதை உடைக்கும் மாற்றம். 'க்ஷ' இதுவரை இரண்டெழுத்து, இனி ஓரெழுத்து என்று முடிவெடுத்தால் அது பிழைத்திருத்தம் அல்ல, முதல் எண்ணை ஏற்ற வேண்டிய மாற்றம். வரிசை விதி மாறினால் இன்னும் கவனம் தேவை. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி (glibc), 2018 ஆகஸ்ட்டில் வந்த 2.28 பதிப்பில் வரிசை விதிகளை மாற்றியபோது, லினக்ஸில் ஓடிய போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய இன்டெக்ஸ்கள் (தேடலுக்கான அட்டவணைகள்) பல செல்லாமல் போயின; இருக்கிற பதிவையே தேடல் இல்லை என்றது. இன்டெக்ஸை மறுபடி கட்டச் சொல்லும் குறிப்பு இல்லாமல் அப்படிப்பட்ட பதிப்பை வெளியிடவே கூடாது.

லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர் தாம் எடுத்த பதிப்பைத் தானாக மாறாதபடி பூட்டிவைத்துத் தம்மிடம் ஒரு பிரதியும் வைத்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கியதும், அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களைக் கட்டியெழுப்ப முடியாமல் போனது. லைப்ரரியே வேண்டாம் என்பதற்கு இதைக் காரணம் காட்டுகிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. பிரதி வைத்திருந்தவர்களுக்கு அன்று வேலை நிற்கவில்லை.

நிரலைவிடவும் பெரிய சொத்து சோதனைப் பட்டியல். ஒரு பக்கம் உள்ளீடு, மறுபக்கம் வரவேண்டிய விடை. இருநூறு சொற்கள் இருந்தால் நல்ல தொடக்கம். மேலே சொன்ன பனை, சௌந்தர்யா, கொ, க்ஷ எல்லாம் அதில் இருக்க வேண்டும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் லைப்ரரி தனித்தனியாக இருக்கலாம். பட்டியல் ஒன்றாகவே இருக்க வேண்டும். புதுப் பிழை ஒன்று கிடைத்தால் முதலில் அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகுதான் நிரலைத் தொட வேண்டும்.

அரசுப் பணத்தில் தமிழ்ச் செயலி செய்யக் கோரும் ஒப்பந்தப் புள்ளிகளில் இரண்டு வரி சேர்க்கக் கோருகிறோம்: தமிழைக் கையாளும் நிரல் எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடந்தரும் திறந்த உரிமத்தில் தனி லைப்ரரியாக ஒப்படைக்கப்பட வேண்டும், பொதுச் சோதனைப் பட்டியலில் ஒரு சொல் தவறினாலும் கடைசித் தவணை விடுவிக்கப்படக் கூடாது.

இப்படிக்கு,
தமிழ் மென்பொருள் எழுதுவோர் சிலர்,
கோயம்புத்தூர்