கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் மொழி வகுப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எந்த வெளிநாட்டு மொழியைப் பேச ஆசை என்று வாசகர்கள் எழுதியதை உங்கள் ஞாயிறு பக்கத்தில் படித்தேன். கொரியன், பிரெஞ்சு என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். 2019-ல் ஜப்பான் கொண்டுவந்த வேலை விசாவுக்காக ஜப்பானியம் படிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாம் நல்ல ஆசைகள். எங்கள் ஊர் வாத்தியார் ஒருவருக்கு டச்சு மேல் ஆசை. 1741 குளச்சல் போரைப் பற்றி டச்சுக்காரர்கள் என்ன எழுதி வைத்தார்கள் என்று அவர்கள் மொழியிலேயே படிக்க வேண்டுமாம்.

எனக்கு வேண்டியது அரபு. கணக்குக் கேட்கும் அளவுக்கு, ஆஸ்பத்திரியில் பேசும் அளவுக்கு வேண்டும்.

என் வீட்டுக்காரர் சவுதியின் கிழக்குக் கரையில் பல வருஷம் லாஞ்ச் படகில் தொழில் செய்தவர். கம்பிக் கூடுகளைக் கடலடியில் இறக்கி ஹமூர் மீன் பிடிக்கிற தொழில். இத்தனை வருஷத்தில் அவர் படித்த அரபு என்னவென்றால் வா, போ, இழு, சீக்கிரம், நாளைக்கு, காசு இல்லை. வேலை வாங்குகிறவர் வாயிலிருந்து வரும் அரபுதான் படகில் காதில் விழும். ‘என் பங்குக் கணக்கைக் காட்டுங்கள்’, ‘இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது’, ‘உடம்பு சரியில்லை, கரைக்குக் கொண்டு போங்கள்’ என்பதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித் தரப் போவதில்லை. கேட்கத் தெரியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் இங்கிலீஷும் இருக்கிறதே என்று ஏஜென்ட் சொல்வார். இருக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் சவுதி சட்டப்படி அரபில் உள்ளதுதான் செல்லும். அதில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாமல் நம் ஆட்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஒருமுறை விஞ்சில் கயிறு இழுக்கும்போது அவர் கை சிக்கி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அவருக்குப் பென்சிலின் ஆகாது. ஊசி போட்டால் முகம் வீங்கி மூச்சு முட்டும். அந்த மருந்தின் பேர் அவருக்கு நினைவில் நிற்காது. குளச்சலில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்வது நான்தான். அன்றைக்கு ராத்திரி என் போனுக்கு வெளிநாட்டு நம்பர் வந்தது. எடுத்தால் ஒரு வயதான அம்மாவின் குரல். படகு முதலாளியின் தாயார் என்று பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பேரைச் சொல்கிறார், வேகமாக என்னவோ பேசுகிறார், மறுபடியும் பேரைச் சொல்கிறார். நடுவில் ‘அல்ஹம்துலில்லா’ என்றார். குளச்சல் சந்தையில் மீன் விற்றவள் நான், அந்தச் சொல் எனக்குத் தெரியும், இறைவனுக்கு நன்றி என்று அர்த்தம். ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற மட்டில் புரிந்தது. ‘பென்சிலின் வேண்டாம், பென்சிலின் வேண்டாம்’ என்று கத்துகிறேன். அவர் பொறுமையாக அல்ஹம்துலில்லா என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார். என்னைத் தேற்றத்தான் கூப்பிட்டிருக்கிறார். மகனிடம் வேலை செய்யும் ஆளின் மனைவிக்குப் போன் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? அந்த அம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை பேச எனக்கு வழியில்லை.

அப்புறம் டூட்டிக்கு வந்த மலையாளி நர்ஸ் ஒருவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்து, ஊசி விஷயத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். நம் மாவட்டத்தில் மலையாளம் தெரியாதவர்கள் குறைவு, அதனால் தப்பித்தோம். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா நேரமும் மலையாளி நர்ஸ் இருப்பாரா?

என் மகள் நர்சிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஜெர்மன் படிக்கிறாள். ஜெர்மனியில் நர்ஸாக வேலை பார்க்க மொழித் தேர்வில் பி2 என்ற நிலை தேற வேண்டும். வாசிக்க, கேட்க, எழுத, பேச என்று நான்கிலும் பரீட்சை. நான் மீன் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ‘ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸன்?’ என்று சொல்லிப் பழகுவாள். வலிக்கிறதா என்று நோயாளியிடம் கேட்பதாம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதே வீட்டில் அவள் தம்பி வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான். அவனுக்கு அரபில் ஒரு வார்த்தை தெரியாது. ஜெர்மன்காரர்கள் மொழி தெரியாத நர்ஸை வேலைக்கு எடுப்பதில்லை, அதனால் படிக்கிறோம். வளைகுடாப் படகில் யாரும் கேட்பதில்லை, அதனால் படிக்காமல் அனுப்புகிறோம். கடலில் போகிறவனுக்கு உயிர் ஆபத்து அதிகம். அவனுக்குத்தான் மொழி முதலில் வேண்டும்.

சொல்லிக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் மதரஸாக்களில் அரபு சொல்லித் தரும் உஸ்தாதுமார் இருக்கிறார்கள், பல வருஷம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள். எழுத்தும் வாசிப்பும் உஸ்தாதுமாரிடம் படிக்கலாம். படகிலும் கடையிலும் பேசும் அரபு வேறு மாதிரி, அதற்குத் திரும்பி வந்தவர்கள்தான் சரி. இடத்துக்கு எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டேன், கோவில் ஹாலைத் தருகிறேன் என்றார். நேரமும் இருக்கிறது. நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். ஆண்கள் கரையில்தான் இருப்பார்கள். சவுதியில் இறால் சீசனும் வழக்கமாக ஆகஸ்ட் 1-ல்தான் தொடங்கும்.

ஈரானுக்குப் போகிறவர்களையும் விட்டுவிட வேண்டாம். கொரோனா நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்ட நம் மீனவர்கள் 2020 ஜூலை 1 அன்று ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலில் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடி வந்து இறங்கியது நம் கடப்புறத்தில் யாருக்கும் மறக்காது. அங்கே பேசுவது பாரசீகம். எழுத்து அரபு மாதிரி இருக்குமே தவிர மொழி வேறு. தமிழைப் போலவே வினை கடைசியில் வரும் என்பதால் நமக்கு அது கொஞ்சம் சுலபமாகக்கூட இருக்கலாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. மீன்வளத்துறையும் அந்த நிறுவனமும் சேர்ந்து சொல்லிக் கொடுப்பவர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், மற்றதை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வோம்.

வகுப்பில் பெண்களையும் சேர்க்க வேண்டும். அங்கிருந்து போன் வந்தால் எடுப்பது நாங்கள்தான். காலையில் ஏலம் எடுத்து, மீன் விற்று, வீட்டு வேலை முடிய மதியம் ஆகிவிடும். 3 மணிக்கு வைத்தால் வருவோம்.

இப்படிக்கு,
மீனவரின் மனைவி,
குறும்பனை, கன்னியாகுமரி மாவட்டம்.