இன்ஜினை இறக்குவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தச் செய்திக்கு நாலு வரி, எம்.ஜி.பி. கார் போடும் சத்தத்துக்கு இரண்டு பக்கம்! நீ மாறவே இல்லை.

"பிக் எண்ட் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னதற்கு உடனே தலையாட்டிவிடாதே. பிஸ்டன் தண்டு, கிராங்க் என்ற சுழல் தண்டைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்தான் பிக் எண்ட். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் பக்கம்தான் சந்தேகம். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது, டிக் டிக்கென்று தெளிவாகக் கேட்கிறது, சூடானாலும் அடங்கவில்லை, மேடேறும்போது கூடவும் இல்லை என்கிறாய். பிக் எண்ட் சத்தம் அப்படி இருக்காது. டொக் டொக்கென்று கனமாக அடியிலிருந்து வரும். லோடு ஏறினால் கூடும், ஆக்ஸிலரேட்டரை விட்ட நொடியில் இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

முதலில் ஆயில் பிரஷரைப் பார். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சதுர அங்குலத்துக்கு ஓட்டத்தில் 50 முதல் 80 பவுண்டும் ஐடிலில் 10 முதல் 25 பவுண்டும் காட்டினால் பேரிங் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

அப்புறம் ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை எடுத்து முதல் சிலிண்டர் வயரில் மாட்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் லைட் ஒருமுறை மின்னும். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் அதற்குள் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டல் என்றால் பெரும்பாலும் வால்வு பக்கம், இரண்டு என்றால் கிராங்க் பக்கம். வெறும் காதை நம்புவதைவிட இது மேல். பயந்துபோன காதுக்கு எல்லாச் சத்தமும் பிக் எண்டாகத்தான் கேட்கும்.

பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்தும் பார்க்கலாம். எடுத்த வயரைச் சும்மா தொங்கவிடாதே, இன்ஜின் பிளாக்கைத் தொட்டு எர்த் ஆகட்டும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிக் எண்டையோ பிஸ்டன் பின்னையோ சந்தேகப்படலாம். டேப்பெட் சத்தம், அதாவது வால்வு பக்கத்துச் சத்தம், இதற்கெல்லாம் அசையாது.

"டேப்பெட்டை அட்ஜஸ்ட் செய்தும் போகவில்லையே" என்று கேட்டிருந்தாய். என் சந்தேகம் வலுத்ததே அந்த வரியைப் படித்துத்தான். பழைய ராக்கரில் வால்வைத் தொடும் முகம் தேய்ந்து குழியாகியிருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தட்டையான தகடு, குழிக்குள் இறங்காமல் மேலேயே உட்காரும். 0.015 அங்குலம் சரியாக இருப்பதாக உனக்குத் தோன்றும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை முறை திருகினாலும் சத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். கவரைக் கழற்றி ராக்கர் முகங்களை விரலால் தடவிப் பார். ராக்கர்களை மேலும் கீழும் அசைத்துப் பார், லூசாக ஆடினால் ஷாஃப்ட்டும் புஷ்ஷும்கூடத் தேய்ந்திருக்கின்றன. ராக்கர் அசெம்ப்ளியை மாற்ற இன்ஜினை இறக்கத் தேவையில்லை. ஆனால் சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் நட்டுகளில் சில அதையும் பிடித்திருப்பதால், தளர்த்தும்போது தண்ணீர் கசியாமலிருக்க முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடு. திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் வரிசைப்படி, குறித்த டார்க் அளவுக்கு முறுக்க வேண்டும்.

ராக்கர் நன்றாகவே இருந்தால் கேம்ஷாஃப்ட்டில் மேடாக இருக்கும் கேம் லோபைப் பார்க்க வேண்டிவரும். இந்த மாதிரி தட்டை டேப்பெட் இன்ஜினுக்கு, லோப் தேயாமலிருக்க, ஜிங்க் சேர்ந்த ஆயில் வேண்டும். என்ன ஆயில் ஊற்றுகிறாய் என்று நீ எழுதவே இல்லை.

என் பக்கம் எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் கிளட்ச் மிதிக்கும்போது முனகுகிறது. ஆயில் பேரையும் லைட்டில் பார்த்ததையும் எழுது. அதுவரை இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பில் யாரும் ஸ்பேனர் வைக்க வேண்டாம்.

அன்புடன்,
ராமு