முகவரியில் விட்டுப்போன குண்டு

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். பேரன் காதுகுத்துப் பத்திரிகையின் மாதிரி வாட்சப்பில் வந்தது. எல்லாம் லட்சணமாக இருக்கிறது. ஆனால் நம் வீட்டு முகவரியில் ‘குண்டு உப்பலவாடி’ என்ற ஊர்ப் பெயரை வெறும் ‘உப்பலவாடி, கடலூர்’ என்று போட்டிருக்கிறாய். கேட்டதற்கு, “குண்டுன்னு போட்டா இங்க எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா” என்றாய். அன்றைக்குப் போனில் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பெயரில் இருக்கும் குண்டு பீரங்கிக் குண்டு. 1690-ல் கடலூர்க் கடற்கரையில் இருந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டை மட்டுமில்லை, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ, அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். அந்த செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூர் முதுநகரும் அந்த எல்லைக்குள் போய்விட்டது.

சங்கிலி போட்டு அளக்கவில்லை, கல் நடவில்லை. வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். வெடிச்சத்தம் காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். அப்புறம் வரி கட்டப் போகும்போதுதான் ஆள் மாறியது தெரிந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்தக் கோட்டை 1746-லிருந்து 1752 வரை கம்பெனிக்கே தென்பக்கத் தலைமையிடமாக இருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துவிட்டார். இன்றைக்கு அங்கே மிச்சமிருப்பது கொஞ்சம் இடிபாடுதான். அது போட்ட எல்லையை இன்னமும் நாம் ஊர்ப் பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோடுகள். உன் பிறப்புச் சான்றிதழில் தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30-ல் விழுப்புரம் தனியாகப் பிரிந்தது. அதனால் தம்பி சான்றிதழில் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1997-ல் அந்தப் பெயரும் போய், கடலூர் மாவட்டம். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்து படுக்கவைத்தது இதே கூடத்தில்தான். கடலூர் நகராட்சி 2021-ல் மாநகராட்சி ஆனது. சுற்றியிருக்கிற ஊராட்சிகளைச் சேர்த்தால் வீட்டுவரி ஏறுமா, நூறு நாள் வேலை போய்விடுமா என்று டீக்கடையில் பேச்சு ஓயவில்லை. அந்தக் கவலை நியாயமானதுதான்.

தாத்தா மனை வாங்கிய பத்திரத்தை நீ பார்த்ததில்லை. பழுப்பேறி, மடிப்பில் விட்டுப்போய் இருக்கிறது. நான்கெல்லையில் ‘வேப்பமரத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதியிருக்கும். மரம் போய்விட்டது, வாய்க்கால் தூர்ந்துவிட்டது. ‘குண்டு உப்பலவாடி’ என்ற எழுத்து மட்டும் மை கலங்காமல் தெளிவாக இருக்கிறது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி வந்தபோது, அம்மா நகையைத் தேடவில்லை. முதலில் இந்தப் பத்திரத்தைத்தான் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் ஏற்றினாள்.

அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் ‘குண்டு உப்பலவாடி’ என்று திருத்திவிடு, கண்ணு. யாராவது சிரித்தால் இந்தக் கதையைச் சொல். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால் வேறு அடிக்கச் சொல், செலவை அப்பா பார்த்துக்கொள்கிறேன்.

காதுகுத்து முடிந்த மறுநாள் பேரனைத் தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன். கோட்டை இருந்த இடத்தில் அவனைத் தோளில் தூக்கிவைத்து, நம் வீடு எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். வெயிலுக்கு அவன் தொப்பியை மறக்காமல் எடுத்துவா.

அன்புடன்,
அப்பா