கையெழுத்திடாத பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்ன செய்தியைக் கேட்டு அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஒன்றும் பேசாமல் இருந்ததை நீ கோபம் என்று எடுத்திருப்பாய். கோபமில்லை, பிள்ளை. வங்கி வேலையை விட்டுவிட்டு, மான்செஸ்டரில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு றொக் இசைக்குழுவுக்கு முகாமையாளராகப் போவதாக நீ சொன்னபோது, 1980-இல் ஏறக்குறைய இதே செய்தியை நான் யாழ்ப்பாணத்துக்கு எழுதியதும், அதற்கு உன் அப்பப்பா நீல நிற விமானக் கடிதத்தாளில் ஒரே வரியில் அனுப்பிய பதிலும் நினைவுக்கு வந்தன. "கணக்காளர் சோதனையின் கடைசிப் பகுதி எப்போது?" என்று கேட்டிருந்தார். அவர் இருந்தவரை அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. ஆகையால் உன்னிடம் அப்படியொரு கேள்வியைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஆனால் நீ அனுப்பிய ஒப்பந்த வரைவைப் பற்றிப் பேசலாம். "பார்த்துச் சொல்லுங்கோ அப்பா" என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை வாசித்தேன். ஐந்து வருடக் காலம், மொத்த வருமானத்தில் 20 சதவீதம், காலம் முடிந்த பின்னும் முடிவில்லாத தரகு. சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை, உன் பக்கத்துக்கு நல்ல சட்டத்தரணி கிடைத்திருக்கிறார். வாசித்து முடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்த கதையைச் சிறுவயதில் நீ பலமுறை கேட்டிருக்கிறாய், ஆனால் வரிக் கதையை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்த எங்கள் பொடியன்கள் பலரையும் போல நானும் பகலில் வகுப்பிலும் இரவில் பெட்ரோல் நிலையத்திலும் இருந்தேன். 1979 ஜூனில், புதிதாக வந்த தட்சர் அரசாங்கம் 8 சதவீதமாக இருந்த வற் வரியை 15 சதவீதமாக உயர்த்தியது. அதற்குச் சில வாரங்களின் பின், விடியற்காலை மூன்று மணியளவில், ஒரு பழைய ட்ரான்சிற் வான் வந்து நின்றது. பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மேல் ஒருவன் வாயைத் திறந்தபடி நித்திரை. பாடகன் உள்ளே வந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தபோது, கல்லாவின் பக்கத்தில் நான் விரித்து வைத்திருந்த வரிவிதிப்புப் புத்தகத்தைக் கண்டான். உடனே வானுக்குத் திரும்பிப் போய் ஒரு பிஸ்கற் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தான். கிற்றார் நரம்பு வாங்கிய சீட்டு, மீன் பொரியல் கடைச் சீட்டு, வான் திருத்திய சீட்டு, எதற்கென்று தெரியாமல் ஒரு பல் வைத்தியரின் சீட்டு. விடியும்வரை அவற்றைத் திகதி வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். அவர்களுடைய பாட்டை ஆறு வாரம் கழித்து, வோடர் ஸ்ட்ரீட் 90-ஆம் இலக்கத்தில் இருந்த மார்க்கீ கிளப்பில்தான் முதன்முதலாகக் கேட்டேன். என் தொழில் வாழ்க்கை பாட்டில் அல்ல, சீட்டில்தான் தொடங்கியது என்பதை மறைக்க எனக்கு இனி வயதில்லை.

முதலில் கணக்கு எழுதினேன், பிறகு கச்சேரி முடிந்ததும் அரங்க அலுவலகத்தில் உட்கார்ந்து வசூலைத் தீர்க்கும் வேலையைச் செய்தேன். வாசலில் நின்று ஆட்களை எண்ணுவதற்குக் கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சிறிய இரும்புக் கருவி என் சட்டைப்பைக்குள் எப்போதும் இருக்கும். ஓர் இரவு, கச்சேரி நடத்தியவர் 312 பேர் வந்ததாகச் சொன்னார். கருவி 407 என்றது. நான் ஒரு சொல்லும் சொல்லாமல் அதை மேசையில் அவர் பார்க்கும்படி வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன். அவர் சிறிது நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, 95 பேருக்கான பணத்தையும் எண்ணி வைத்தார். அந்த இரவுக்குப் பிறகுதான் வான்காரப் பையன்கள் என்னை முகாமையாளர் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

முகாமையாளர் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்குச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு நல்ல பதில் என்னிடம் இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த பதில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் இருக்கிறது. எங்கள் உபயத்துக்கு மேளம் பிடிப்பது பெரியப்பாவின் பொறுப்பு. இணுவிலுக்கோ அளவெட்டிக்கோ வெற்றிலை பாக்குடன் போய், அச்சாரம் கொடுத்து, கார் அனுப்பி அழைத்து வருவார். தவில்காரர் சாப்பிட்டுப் பாயில் சரிந்த பின், அந்த அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கோயில் தர்மகர்த்தா வந்தாலும் உள்ளே விடமாட்டார். நள்ளிரவில் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது ஊர் முழுவதும் முன்னால் நிற்கும், பெரியப்பாவோ மடைப்பள்ளிப் பக்கம் நின்று அடுத்த நாள் சாப்பாட்டுக்கு ஆள் எண்ணிக்கொண்டிருப்பார். அவர் தன் வாழ்நாளில் தவிலைத் தொட்டதில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேர நித்திரை இல்லாமல் அந்த வாசிப்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும், தவில்காரருக்கும் தெரியும். படைப்பில் எங்களுக்கு உள்ள பங்கு அந்தக் கதிரைதான். அதற்கு மேல் தனக்குப் பங்கு உண்டென்று பேட்டி கொடுக்கும் முகாமையாளர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் பிரையன் எப்ஸ்டீன். நான் லண்டனில் வந்து இறங்குவதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே இறந்துபோனவர். லிவர்பூலில் தன் குடும்பக் கடையின் இசைத்தட்டுப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்த அவர், 1961 நவம்பர் 9-ஆம் திகதி மதியம் கவெர்ன் கிளப்பின் படிகளில் இறங்கிப் போய் பீற்றில்ஸ் குழுவை முதன்முதலாகப் பார்த்தார். முகாமைத் தொழிலில் அவருக்கு எந்த முன் அனுபவமும் கிடையாது. டெக்கா இசைத்தட்டு நிறுவனம் மறுத்த பின்னும் விடாமல் அலைந்து, அவர்களை இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1962 ஜனவரியில் எழுதிய முதல் ஒப்பந்தத்தில் குழுவின் நால்வரும் கையெழுத்திட்டார்கள். எப்ஸ்டீன் மட்டும் தன் பெயருக்கு நேரே கையெழுத்திடவில்லை. தன்னால் அவர்களுக்கு ஒரு பயனும் விளையாமல் போனால் அவர்கள் தடையின்றி விலகிப் போகட்டும் என்பது அவர் எண்ணம். அதே வருடம் ஒக்டோபரில் 25 சதவீதம் வரை தரகு தரும் முறையான ஒப்பந்தம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், அவர் துறவியல்ல. நல்ல கணக்காளருமல்ல. குழுவின் பெயரையும் படத்தையும் பொருள்களில் அச்சிடும் உரிமை கைமாறியபோது 90 சதவீதம் இடையில் நின்றவர்களுக்குப் போனது, இந்தப் பக்கம் வந்தது 10 சதவீதம். இதை எங்கே வாசித்தாலும் எனக்கு வயிறு எரியும்.

ஆனாலும் அவருடைய கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் வேறு. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பாடிய பின் பீற்றில்ஸ் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். நவம்பர் கடைசியில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனவர்கள் வசந்தம் வரும்வரை வெளியே வர அவசரப்படவில்லை. 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டு அந்த மாதங்களில் உருவானது. பயணச் சீட்டும் விடுதி அறையும் அரங்க வாடகையும்தான் முகாமையாளருடைய அன்றாட வேலை. அவை இல்லாத வருடத்தில்தான் அவருடைய குழு தன் பெரிய வேலையைச் செய்தது. பீற்றில்ஸோடு செய்த ஐந்து வருட ஒப்பந்தம் முடியச் சில வாரங்களே இருந்த நிலையில், 1967 ஆகஸ்ட் 27 அன்று, நித்திரை மாத்திரை அளவு மீறியதால் எப்ஸ்டீன் இறந்தார். மரண விசாரணை அதை விபத்து என்றது. வயது 32. இப்போது உனக்கு நடக்கும் வயது.

லெட் செப்பலின் குழுவின் முகாமையாளர் பீற்றர் கிராண்ட் இதற்கு நேர் எதிரான ஆள். மல்யுத்தம் செய்தவர், காப்பிக் கடை வாசலில் காவல் நின்றவர். அமெரிக்க அரங்கங்களின் நுழைவு வசூலில் 90 சதவீதம் குழுவுக்கு, 10 சதவீதம் கச்சேரி நடத்துபவருக்கு என்று பேசி வாங்கியவர். அவருக்குப் பின் வந்த எங்களுக்கெல்லாம் பேரம் பேச இடம் கிடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1977-இல் ஓக்லண்டில் அரங்க ஊழியரை அடித்த வழக்கும் அதே மனிதர் மேல்தான் வந்தது. அதைப் பெருமையாகச் சொல்லும் கூட்டத்தோடு சேராதே. ஆனால் ஒன்றைக் கவனி. கிராண்ட் முஷ்டியை நீட்டியதெல்லாம் வெளியாருக்கு எதிராக. உன் வரைவில் அந்த முஷ்டி உன் குழுவைப் பார்த்து நீட்டப்பட்டிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார். ஒரு கச்சேரிக்கு 2,000 பவுண் வருகிறது என்று வை. வான், விடுதி, ஒலியமைப்பாளர் சம்பளம், சாப்பாடு என்று 1,700 போனால் மிச்சம் 300. மொத்த வருமானத்தில் 20 சதவீதம் என்றால் உன் பங்கு 400. அதாவது அந்த நால்வரும் இரவு முழுவதும் வாசித்துவிட்டு உனக்கு 100 பவுண் கடன்படுவார்கள். செலவு போக மிச்சத்தில் எடுத்தால் உனக்கு 60, அவர்களுக்கு 240. அந்த 60 பவுணை வைத்து நீ வாடகை கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். முதல் மூன்று வருடங்கள் எனக்கும் பெட்ரோல் நிலையம்தான் சோறு போட்டது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 1994-இல் என்னிடம் இருந்த குழுவை ஏழு வாரப் பயணமாக ஜேர்மனி, ஒல்லாந்து, பெல்ஜியம் என்று கொண்டுபோனேன். 49 நாளில் 41 கச்சேரிகள்; மீதி எட்டு நாளையும் வானொலிப் பேட்டிகளால் நானே நிரப்பினேன். பாட்டெழுதுபவன் ஒரு கறுப்புக் கொப்பி வைத்திருந்தான். பயணம் தொடங்குவதற்கு முன் நான் பார்த்தபோது அதில் பாதி வரிகளும் வெட்டிய வரிகளும் அம்புக்குறிகளுமாக இடமே இருக்கவில்லை. பயணம் முடிந்து, வானின் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்ரோல் சீட்டைத் தேடியபோது அந்தக் கொப்பி கையில் அகப்பட்டது. திறந்தேன். ஏழு வாரப் பக்கங்களிலும் ஊர்ப் பெயர், நித்திரை கொண்ட மணித்தியாலம், வீட்டுக்குப் போக இன்னும் எத்தனை நாள். வேறொன்றும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அந்தப் பயணம் என் மிகச் சிறந்த பயணம். அடுத்த இசைத்தட்டுக்கு அவனிடம் பாட்டு இருக்கவில்லை, அடுத்த வருடம் குழுவும் இருக்கவில்லை. பெரியப்பா வாசலில் கதிரை போட்டார்; நான் அறையையே வாடகைக்கு விட்டேன்.

அந்தப் பயணத்தின் முப்பதாம் நாள், ஹனோவரில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்த நேரம், அரங்க அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது: நீ பிறந்துவிட்டாய். உன்னை நான் பத்தொன்பது நாள் கழித்துத்தான் பார்த்தேன். அந்தக் கொப்பியில் அவன் எண்ணிய நாட்களை அதே வானின் முன் இருக்கையில் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தியதற்குக் காரணம் உன் வேலையல்ல.

ஆகவே வரைவை இப்படித் திருத்து. காலம் இரண்டு வருடம். மூன்று மாத முன்னறிவித்தலோடு எந்தப் பக்கமும் விலகலாம். பயணத் தரகு, செலவு போக மிச்சத்தில். நீ விலகிய பின் வரும் தரகு முதல் வருடம் பாதி, இரண்டாம் வருடம் கால், பிறகு இல்லை. வருடத்தில் பன்னிரண்டு வாரம் எந்தக் கச்சேரியும் பேட்டியும் போடக்கூடாது என்று ஒரு உட்பிரிவு சேர். சட்டத்தரணி சிரிப்பார், சிரிக்கட்டும். நால்வரும் தங்களுக்கென்று வேறொரு சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே கையெழுத்து. யு2 குழுவோடு போல் மக்கின்னஸ் 1978 முதல் 2013 வரை 35 வருடங்கள் முகாமையாளராக இருந்தார். ஐந்து வருட உட்பிரிவு எவரையும் அவ்வளவு காலம் கட்டிவைத்ததாக நான் அறியேன்.

மற்றவை சில்லறை வேலைகள். பாடிய பாட்டுகளின் பட்டியலை ஒவ்வொரு கச்சேரிக்குப் பின்னும் அன்றிரவே, பாட்டெழுதியவர்களின் உரிமைப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் பிஆர்எஸ் அமைப்புக்கு அனுப்பு, வசூலில் 4.2 சதவீதம் பாட்டெழுதியவர்களுக்கென்று கட்டப்படுகிறது, பட்டியல் இல்லாவிட்டால் அது உன் ஆட்களின் கைக்கு வந்து சேராது. ஐரோப்பாவுக்குப் போவதென்றால் 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்ற கணக்கையும் வாத்தியங்களுக்கான சுங்கப் பத்திரத்தையும் இப்போதே பார். எங்கள் காலத்தில் இந்தத் தலையிடி வெகு குறைவு.

சனிக்கிழமை வருவதாகச் சொன்னாய். ஒப்பந்தத்தை அச்சடித்துக் கொண்டுவா. திரையில் எட்டாவது உட்பிரிவுக்குக் கீழே எனக்கு எழுத்துத் தெரிவதில்லை. அந்த நால்வரையும் கூட்டிவரலாம், அம்மா இடியப்பமும் சொதியும் செய்வதாகச் சொல்லிவிட்டாள். கிற்றார்க்காரருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கச் சொன்னாள். எண்ணும் கருவியை மேசை லாச்சியிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஆயிரத்தைத் தாண்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் இறுகுகிறது, ஆனால் அந்தப் பிரச்சினை உனக்கு வர இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா