ஆர்கன்களுக்கு வாசிப்போர் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய தேவாலயங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். தூண்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் கல்வெட்டு வாசகங்களையும் அவ்வளவு பொறுமையாக விவரித்த கட்டுரையாளர், அங்குள்ள குழல் ஆர்கன்களை மட்டும் பழங்கால அரும்பொருட்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் டெனர் எனப்படும் ஆண்களின் உயர்குரலில் பாடிவரும் எனக்கு அந்த வரி வருத்தம் தந்தது. அந்த ஆர்கன்களில் சில இன்றும் ஒலிக்கின்றன. அவற்றை வாசிக்கும் கைகள் குறைந்துவருகின்றன என்பதுதான் எழுதப்படவேண்டிய செய்தி.

எழும்பூரில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். கிணறுகளை அடித்தளமாகக் கொண்டு பொறியாளர் டி ஹாவிலண்ட் எழுப்பிய அந்த ஸ்காட்லாந்து ஆலயம் 1821ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்டது. அங்குள்ள ஆர்கனோ 1883ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சேர்ந்த பீட்டர் கோனாக்கர் நிறுவனத்தால் செய்யப்பட்டது. ஸ்காட்லாந்துத் திருச்சபை நெடுங்காலம் ஆராதனையில் வாத்தியங்களை அனுமதிக்கவில்லை; விவிலியத்தின் சங்கீதங்களை வெறும் குரலால் பாடுவதே அவர்கள் மரபு. 1860களில்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. இத்தனை தயக்கத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த வாத்தியத்தை, பித்தளை விளக்குகளோடு சேர்த்து எண்ணக்கூடிய அலங்காரமாக நாம் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆர்கன் இயங்கும் முறையைச் சற்று விளக்கினால், அதற்கு ஏன் எப்போதும் மனிதர்கள் வேண்டும் என்பது புரியும். துருத்தியில் அடைபட்ட காற்று, கட்டையை அழுத்தும்போது திறக்கும் சிறு அடைப்பான் வழியாகக் குழலுக்குள் போகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிக் குழல். வேறு நாதம் வேண்டுமானால் ஸ்டாப் எனப்படும் கைப்பிடியை இழுத்து வேறொரு வரிசைக் குழல்களைப் பேச வைக்க வேண்டும். கைகள் இரண்டு மூன்று அடுக்குக் கட்டைகளில் ஓட, கால்கள் கீழே பெடல்களில் தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும். துருத்தியிலும் அடைப்பான்களிலும் உள்ள தோல், வாசிக்காமல் விட்டால் விறைத்து வெடிக்கும். நம் கடற்கரை ஈரத்தில் மரப்பகுதிகள் உப்பி, அழுத்திய கட்டை மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும். குழலின் வாயில் தூசி படிந்தால் அது பேசவே மறுக்கும். வாரம் நான்கு மணி நேரம் ஒருவர் வாசித்தாலே இவற்றில் பாதிக் கோளாறு தொடக்கத்திலேயே காதில் பட்டுவிடும்.

சுருதியும் அப்படித்தான். வெப்பம் கூடும்போது குழலுக்குள் ஒலியின் வேகம் கூடுகிறது, ஸ்வரமும் மேலே ஏறுகிறது. பத்து டிகிரி கூடினால் அது அரைஸ்வரத்தின் கால் பங்குக்கும் சற்று அதிகம். அதிரும் உலோக நாக்கு வைத்த குழல்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே டிசம்பரில் ஒன்றோடொன்று இணங்கிய இரு வரிசைகள் மே மாதத்தில் முரண்படுகின்றன. எந்த மாதத்தில் எந்த ஸ்டாப்பைத் தொடக்கூடாது என்பது அந்த ஆர்கனோடு பழகியவருக்கு மட்டுமே தெரியும். அவர் அதை யாருக்காவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அப்படிச் சொல்லாமல் போனதன் விளைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் இளமையில் நான் பாடிய ஒரு தேவாலயத்தில் (அதன் பெயர் இங்கே தேவையில்லை) முப்பது ஆண்டுகள் வாசித்த ஆர்கனிஸ்ட் காலமானார். அவரிடம் கற்றுக்கொள்ள விரும்பிய இரண்டு இளைஞர்களுக்கு, ஆர்கன் பெட்டியின் சாவியைக் கொடுக்க, ஆலயத்தை நிர்வகிக்கும் சேகரக் குழு ஒருபோதும் இசையவில்லை. பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்பதே காரணம். அவருக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் பெட்டி திறக்கப்படவே இல்லை. எலிகள் துருத்தித் தோலைக் கடித்திருந்தன. பழுது பார்க்க ஆகும் செலவைக் கேட்டு அஞ்சி, ஒரு கீபோர்டு வாங்கினார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்து செய்த குழல்கள் பொருள் அறையில் கிடந்தன. அடுத்த முறை நான் போனபோது அவற்றில் பாதியைக் காணவில்லை. யாரும் தீய எண்ணத்தோடு செய்ததில்லை என்பதை நான் அறிவேன், ஆனாலும் அந்தக் காலியான சட்டத்தைப் பார்த்து அன்று நான் அழுதேன்.

கீபோர்டை நான் பகையாகக் கருதவில்லை. சிறிய சபைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் தாளத்தைத் தானே போடும் பொத்தானை அழுத்திவிட்டு, பாமாலை எனும் ஆராதனைப் பாடல்களைப் பாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாமாலையின் ஒவ்வோர் அடி முடிவிலும் சபையார் மூச்சு வாங்க வேண்டும். நல்ல ஆர்கனிஸ்ட் சொற்களை மனத்துக்குள் பாடிக்கொண்டே வாசிப்பார். அடி முடிவில் கையைச் சற்றே உயர்த்தி, ஐந்நூறு பேர் மூச்செடுக்கும் இடத்தைக் காட்டுவார். இயந்திரத் தாளம் யாருக்காகவும் நிற்பதில்லை. முதியவர்கள் இரண்டாம் அடியிலேயே பின்தங்கி, மூன்றாம் சரணத்தில் பாடுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

தமிழில் பாமாலை பாடுவதற்கு இன்னொரு நுட்பமும் வேண்டும். நான் குடியிருக்கும் வேப்பேரியில் 18ஆம் நூற்றாண்டில் ஊழியம் செய்த மிஷனரி ஃபப்ரீஷியஸ் ஐயர், ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றை அந்தந்த ராகத்துக்கே பொருந்தும்படி தமிழில் ஆக்கினார். மெட்டு அங்கிருந்து வந்தது, சொல் இங்குள்ளது. ஆகவே நீண்ட ஸ்வரத்தில் குறில் வந்து விழும் இடங்கள் உண்டு. அங்கே கவனமின்றி இழுத்தால் ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகிவிடும், ‘படு’ என்பது ‘பாடு’ ஆகிவிடும். எங்கள் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கும் குவயர் மாஸ்டர் இத்தகைய இடங்களில் பென்சிலால் வட்டமிட்டு, உயிரெழுத்தை நீட்டாமல் ஒலியைத் தாங்கும் வழியைக் கற்றுக்கொடுப்பார். இது எந்த மேல்நாட்டுப் பாடநூலிலும் கிடைக்காது. ஒரு பாடகர் குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்கு வாய்வழியாகத்தான் போக வேண்டும். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை தமிழின் தாளத்திலேயே பிறந்தவை, அவற்றுக்கு ஆர்கன் தேவையென்றும் நான் சொல்லமாட்டேன்.

தென்மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சால்ஃபா என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் நான்கு குரல்களில் பாடுவதற்காக, நார்விச் நகரின் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் செம்மைப்படுத்திய எழுத்துமுறை அது. அதில் ‘டோ’ எந்த உயரத்திலும் அமையலாம். நம் ஆதார ஷட்ஜமும் அவ்வாறே நகர்வதால், கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில்லை என்பது என் எண்ணம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட என் அத்தை, சால்ஃபாவைப் பார்த்த மாத்திரத்தில் ஆல்டோ எனும் பெண்களின் தாழ்குரல் பகுதியைப் பாடுவார். சால்ஃபாவில் பாடல்களைக் கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இன்று பல வீடுகளில் கரையான் தின்னக் கிடக்கின்றன.

சபை எல்லை தாண்டிச் சேர்ந்து பாடும் வழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. ஹாண்டெலின் மெசையா போன்ற பெரிய படைப்புகளை நம் நகரத்துக் குரல்களிலேயே கேட்கக் கிடைத்ததற்கு இத்தகைய அமைப்புகளே காரணம். ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கும் ஆர்கனிஸ்டுகளுக்கு அப்படியொரு கூட்டுறவு எனக்குத் தெரிந்து பழக்கத்தின் அளவில்தான் இருக்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சனிக்கிழமை இரவு தெரிந்த நண்பர்களைத் தொலைபேசியில் அழைப்பார். ஒருவரும் கிடைக்காவிட்டால் மறுநாள் ஆர்கன் மௌனம்.

இங்கிலாந்தில் ஆர்கனிஸ்டுகளின் கல்லூரி 1864இலும், அமெரிக்காவில் அவர்களின் சங்கம் 1896இலும் தோன்றின. அமெரிக்கச் சங்கம் ஊர்தோறும் கிளைகளாக இயங்குகிறது. ஓர் ஊரின் ஆர்கனிஸ்டுகளும் பாடகர் குழுத் தலைவர்களும் சேர்ந்து, ஒருவர் ஆலயத்தில் மற்றவர் வாசித்துக் காட்டவும், இளையோருக்குக் கற்பிக்கவும், மாற்று வாசிப்பாளர் பட்டியல் வைத்துக்கொள்ளவும் அக்கிளைகள் வழிசெய்கின்றன. அவ்வளவு பெரிய அமைப்பு நமக்கு உடனே வேண்டியதில்லை. சென்னையில் ஆர்கன் உள்ள ஆலயங்களின் வாசிப்பாளர்கள் மாதம் ஒருமுறை, ஒவ்வொரு மாதமும் ஓர் ஆலயத்தில் கூடினாலே தொடக்கமாகிவிடும். பாடகர் குழுக்கள் தத்தம் சால்ஃபா நோட்டுகளைக் கொண்டுவந்து படியெடுத்துக்கொள்ளலாம். பழுதுபார்க்கும் ஒருவரை எல்லா ஆலயங்களும் பங்கிட்டுச் செலவு செய்து ஆண்டுக்கு இருமுறை, வெயிலுக்கு முன்பும் மழைக்குப் பின்பும், வரவழைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதலாக, ஆயர்களிடமும் சேகரக் குழுக்களிடமும் நான் கேட்பது சாவியைத்தான். வாரநாளில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், பியானோவில் ஓரளவு தேறிய பிள்ளைகளுக்கு ஆர்கனைத் திறந்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நம் நகரில் டிரினிட்டி தேர்வுகளுக்குப் பியானோ பயிலும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் பலர் பெடல்களை ஒருமுறைகூட மிதித்துப் பார்த்ததில்லை.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வரும்போது கரோல் ஆராதனைகளின் நாள், நேரம், இடம் ஆகியவற்றை வெளியிடுவீர்கள். இவ்வாண்டு அவற்றோடு, அங்கே ஆர்கன் வாசிப்பவரின் பெயரையும் பாடகர் குழுவை நடத்துபவரின் பெயரையும், அவர்கள் இசைந்தால், சேர்த்து அச்சிடுங்கள். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நகரில் வாசித்துவரும் இவர்கள் முதலில் அந்தப் பக்கத்திலாவது சந்தித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வேப்பேரி, சென்னை.