ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி: சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூணு பேர், ஆறு பேர், மிஞ்சிப்போனா பத்து பதினஞ்சு பேர வச்சு சாஃப்ட்வேர் கம்பெனி ஓட்டிட்டு இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

நாம எங்க சந்திச்சாலும் ரெண்டே பேச்சுதான். ஒண்ணு "இப்ப எத்தன பேர் இருக்கீங்க?", இன்னொண்ணு "நல்ல டெவலப்பரே கிடைக்க மாட்டேங்கறாங்க". நானும் பல வருஷம் இதே பாட்டத்தான் பாடிட்டு இருந்தேன். ஆள் கிடைக்கறது கஷ்டம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வர்ற ஆளுக்கு வேலை செய்ய வழி விடற மாதிரி நம்ம கம்பெனி இருக்கான்னு நாம யாராவது பாத்திருக்கோமா?

என் கதையையே சொல்றேன். அஞ்சு பேரா இருந்தோம், ஒரு பெரிய க்ளையன்ட் வந்தாரு, எனக்கு தலைகால் புரியல, ஒரே மாசத்துல நாலு டெவலப்பர எடுத்துட்டேன். வேலை ரெண்டு மடங்கு வேகமா ஓடும்னு கணக்கு. நடந்தது என்னன்னா, புதுசா வந்தவங்க கோட் எழுதி எழுதி, சரியா இருக்கான்னு பாக்க ரிவ்யூவுக்கு அனுப்பறாங்க, ரிவ்யூ பண்ண நான் ஒருத்தன்தான், சர்வர் பாஸ்வேர்ட் என்கிட்ட மட்டும்தான், க்ளையன்ட் போன் எடுக்கறதும் இன்வாய்ஸ் போடறதும் நான்தான். எல்லாம் என் டேபிள்ல வந்து நின்னுடுச்சு. அஞ்சு பேரா இருந்தப்ப வாரா வாரம் ரிலீஸ் பண்ணிட்டு இருந்தோம், ஒன்பது பேர் ஆனதும் மாசத்துக்கு ஒண்ணு போறதே பெரும்பாடு.

ஐபிஎம்ல ஓஎஸ்/360ங்கற பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலைய நடத்தின ஃப்ரெட் புரூக்ஸ் 1975லயே இத எழுதி வச்சிட்டாரு, லேட்டாகிப் போன ப்ராஜெக்ட்ல ஆள சேத்தா அது இன்னும் லேட்டாகும்னு. நானும் படிச்சவன்தான், பரிட்சைக்கு. கணக்கு ரொம்ப சிம்பிள், அஞ்சு பேர் ஒருத்தரோட ஒருத்தர் பேசணும்னா 10 ஜோடி, ஒன்பது பேர்னா 36. ஆள் ரெண்டு மடங்குகூட ஆகல, பேச வேண்டியது மூணரை மடங்குக்கு மேல போயிடுச்சு.

அந்த நாலு பேர்ல ஒரு பொண்ணு ஃப்ரெஷர். அவங்க லேப்டாப்ல ப்ராஜெக்ட ஓட வைக்கவே ஒன்பது நாள் ஆச்சு. எந்த வெர்ஷன் போடணும், எந்த கான்ஃபிக் ஃபைல், எந்த டேட்டாபேஸ் காப்பி, எல்லாம் பழைய ஆளுங்க தலைக்குள்ளதான் இருந்துச்சு. ஒவ்வொருத்தர் சீட்டுக்கா போய் நின்னு கேட்டு, கேட்டத எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதிட்டே வந்திருக்காங்க. ஒரு நாள் எடுத்து பாத்தேன், 41 ஸ்டெப். 23வது ஸ்டெப்ல "இங்க எரர் வரும், கண்டுக்காம திரும்ப ரன் பண்ணணும் (சார் சொன்னாரு)"ன்னு இருந்துச்சு. அந்த சார் நான்தான். கூச்சமா போச்சு.

பணத்துலயும் அடி. க்ளையன்ட் கையெழுத்து போட்டதையே வருமானம்னு நினைச்சுட்டேன். இன்வாய்ஸ் போட்டு 90 நாள் கழிச்சுதான் காசு வந்துச்சு, சம்பள தேதி அதுக்கெல்லாம் காத்திருக்குமா என்ன. கடைசில ரெண்டு பேர அனுப்ப வேண்டியதா போச்சு, அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது. அந்த ரெண்டு மீட்டிங்க பத்தி இங்க எழுத மனசு வரல. இப்பல்லாம் ஒரு ஆளோட ஆறு மாச சம்பளம் பேங்க்ல தனியா இல்லாம ஆஃபர் லெட்டர் குடுக்கறதில்ல. (நாம எல்லாரும் ஒரே குடும்பம்னு மீட்டிங்ல பேசிட்டு சம்பளத்த தள்ளிப் போடறவங்க தயவு செஞ்சு குடும்பம்ங்கற வார்த்தைய விட்டுடுங்க.)

அப்புறம்தான் உக்காந்து ரெண்டு வாரம் நான் என்ன பண்றேன்னு அரை மணிக்கு ஒரு வரியா எழுதினேன். கோட் எழுதினது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட தேறல. மீதி பூரா பாஸ்வேர்ட் மறந்துட்டேன், ரிப்போர்ட் டவுன்லோட் ஆகல, எக்ஸெல் ஏற மாட்டேங்குது, இதுக்கு பதில் சொல்றதுதான். அதனால அடுத்து எடுத்தது டெவலப்பர் கிடையாது, சப்போர்ட்டுக்கு ஒருத்தர். இன்டர்வியூல ஒரு கோவமான கஸ்டமர் மெயில குடுத்து இதுக்கு பதில் எழுதுங்கன்னேன், அவ்ளோதான். ரெண்டு மாசத்துல எந்த புகார் திரும்பத் திரும்ப வருதுன்னு அவரே ஒரு லிஸ்ட் கொண்டு வந்தாரு. அதுல முதல் மூணு பிரச்சனைய சரி பண்ணதும் போன் அடிக்கறதே குறைஞ்சுடுச்சு. நான் எடுத்ததுலயே உருப்படியான ஆள் அவர்தான்.

டெவலப்பர் எடுக்கறதா இருந்தாலும் இன்டர்வியூல பைனரி ட்ரீய (டேட்டாவ மரம் மாதிரி கிளை கிளையா அடுக்கற முறை) திருப்பிப் போடச் சொல்லாதீங்க, நம்ம கம்பெனில இதுவரைக்கும் யாரும் எந்த மரத்தையும் திருப்பிப் போட்டதில்ல. உங்க சாஃப்ட்வேர்ல வந்த பழைய பக் (கோட்ல இருந்த தப்பு) ஒண்ண தனி காப்பில போட்டு அரை நாள் குடுங்க, அந்த அரை நாளுக்கு காசும் குடுங்க. சரி பண்றாரான்னு பாக்கறதவிட என்னென்ன கேள்வி கேக்கறாருன்னு பாருங்க.

2014ல ஃபேஸ்புக் வாங்கினப்ப வாட்ஸ்அப்ல அம்பது சொச்சம் பேர்தான், யூசர்ஸ் 45 கோடி. நாம வாட்ஸ்அப் இல்ல, தெரியும். ஆனா "எத்தன பேர் இருக்கீங்க"ன்னு கேட்டா பெருசா ஒரு நம்பர் சொல்லணும்ங்கற ஆசைல ஆள் எடுக்கறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம், நானும்தான் எடுத்தேன்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். அடுத்த "ஆட்கள் தேவை" போடறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் உங்க வேலைய நீங்களே எழுதிப் பாருங்க, எது உங்க டேபிள்ல வந்து நிக்குதோ அதுக்கு ஆள் எடுங்க.

அந்த கோடு போட்ட நோட்டு இன்னும் எங்க ஆபீஸ்லதான் இருக்கு. 41 ஸ்டெப் இப்ப ஆறு ஆயிடுச்சு, புதுசா வர்றவங்க மதியத்துக்குள்ள ஓட்டிடறாங்க. 23வது ஸ்டெப் எரர் மட்டும் ரொம்ப நாள் இழுத்துச்சு, போன மாசம்தான் அந்த பொண்ணே அத சரி பண்ணாங்க.