லட்சுமிகாந்தன் கொலை வழக்குத் தொடர்: துணை நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். திரையுலகினரைப் பற்றிய வதந்திகளை வெளியிட்டதாகப் பேசப்பட்ட ‘இந்து நேசன்’ இதழின் ஆசிரியர் சி. என். லட்சுமிகாந்தனின் கொலை வழக்கைப் பற்றிய எங்கள் பாட்காஸ்ட் தொடர் நிறைவு பெற்றுவிட்டது. இதற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு எங்கள் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்ட லட்சுமிகாந்தன், மறுநாள் பெரியாஸ்பத்திரியில் உயிரிழந்தார். ‘ஹரிதாஸ்’ திரைப்படம் பிராட்வே திரையரங்கில் கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்த வேளையிலேயே அதன் நாயகன் எம். கே. தியாகராஜ பாகவதரும், அவருடன் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் இவ்வழக்கில் கைது செய்யப்பட்டார்கள். 1945இல் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டுக்குப் பின், 1947இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அப்படியானால் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

முதல் நன்றி நூலக ஊழியர்களுக்கு உரியது. தொட்டால் உதிரும் நாளிதழ்த் தொகுப்புகளை மேசையில் கிடத்தி, ஒவ்வொரு தாளின் அடியிலும் கெட்டி அட்டையைச் செருகி, இரு கைகளாலும் மெல்லப் புரட்டிக் காட்டிய அந்தப் பொறுமை இல்லையென்றால், நீதிமன்றச் செய்திகளை நாள்வாரியாக எங்களால் கோத்திருக்கவே முடியாது. பாகவதரின் பழைய இசைத்தட்டுகளை நம்பி ஒப்படைத்த சேகரிப்பாளருக்கும், வேப்பேரியின் பழைய தெருக்களை எங்களுடன் நடந்து காட்டிய பெரியவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

எல்லோரிலும் அதிகமாக நாங்கள் கடன்பட்டிருப்பது, ஒலிப்பதிவுக்கு முன்பே பிரதி முழுவதையும் கட்டணமின்றி வாசித்துத் தந்த மூத்த வழக்கறிஞருக்கு. அரசுத் தரப்பு சொன்னது எது, சாட்சி சொன்னது எது, ஊர் பேசியது எது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து, ஆதாரம் காட்ட இயலாத ஒவ்வொரு வரியையும் அவர் அடித்துவிட்டார். குற்றவாளியை நாங்களே அறிவித்துவிட வேண்டும் என்று நேயர்கள் சிலர் வற்புறுத்தியபோதும், விடுதலை பெற்றவர்கள் மீது மீண்டும் பழி சுமத்தாமலும், மறைந்துவிட்ட வேறு யாரையும் ஊகத்தின் பேரில் கூண்டில் ஏற்றாமலும் தொடரை முடிக்க முடிந்தது அவரால்தான். வதந்தியை அச்சேற்றியவர் என்று தூற்றப்பட்ட ஒருவரின் மரணத்தை வதந்திகளைக் கொண்டே விளக்குவது முறையாகாது என்பதில் எங்களுக்கு உறுதி உண்டு. லட்சுமிகாந்தன் எழுதியவை எத்தகையவையாக இருந்தாலும், நடுத்தெருவில் குத்துப்பட்டுச் சாக வேண்டியவர் அல்லர். நட்சத்திரங்களின் வீழ்ச்சியாகவே சொல்லப்பட்டு வந்த கதையில் இறந்தவருக்கும் இடம் வேண்டும் என்று கடிதம் எழுதிய நேயர்களுக்கு, அதனால்தான் தனியாக நன்றி சொல்கிறேன்.

திரட்டிய குறிப்புகளையும், முழு நேர்காணல் பதிவுகளையும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வகையில் நூலகத்திடமே ஒப்படைக்கிறோம். ‘இந்து நேசன்’ இதழ்களோ, வழக்கு தொடர்பான தாள்களோ எவர் வீட்டுப் பரணிலாவது இருக்குமானால், அவற்றையும் அங்கேயே சேர்ப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
தொடரின் தயாரிப்பாளர்